பொடியெழுத்து மாமா

எங்கள் முதலாளி பரிசு கொடுக்கிற அழகைப் பார்த்தால் தின்ற சோறு வெளியே வந்துவிடும். வீட்டுச் சாமான் கடை. எட்டு வருஷமாக கேஷ் கவுண்டரில் இருக்கிறேன். யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் ரொக்கம் தரமாட்டார். "நோட்டை நீட்டுறது நாகரிகமா?" என்பார். கடைப் பெயர் அச்சடித்த கார்டு ஒன்றைத் தங்க நிற உறையில் போட்டுத் தருவார். முன்பக்கம் கொட்டை எழுத்தில் ஐம்பதாயிரம். பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி, பில்லில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கழிக்க முடியாது என்று இருக்கும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். இது மாடே இல்லை, மாட்டின் படம்.

தன் கூடப்பிறந்த அக்கா மகள் கல்யாணத்திலும், மேடையேறி எல்லார் கண்ணிலும் படும்படி இதையேதான் நீட்டினார். உறையை ஒட்டிக் கொடுத்தவள் நான்.

போன செவ்வாய்க்கிழமை அந்த அக்கா புது மாப்பிள்ளையோடு வந்தார். வாஷிங் மெஷின் தம்பி தருகிறான் என்று சம்பந்தி வீட்டில் பெருமையாகச் சொல்லிவிட்டாராம். விலை குறைந்ததாக ஒன்றைப் பார்த்து எடுத்துவிட்டு, கார்டை என்னிடம் கொடுத்தார்.

முதலாளி கண்ணாடி அறைக்குள் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வரவில்லை. போன் பண்ணினேன்.

"சார், உங்க அக்கா வந்திருக்காங்க. முழுசா கழிச்சிடவா?"

"ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான். சிரிச்ச முகமா சொல்லு."

மாப்பிள்ளை மெஷினைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த நேரம், அக்காவிடம் தணிந்த குரலில், சிரித்த முகமாகத்தான் சொன்னேன். என் மூஞ்சியில் நானே காறித் துப்பலாம் போலிருந்தது.

அக்கா கார்டைத் திருப்பிப் படித்தார். கண்ணாடி அறையைப் பார்த்தார். உள்ளே முதலாளி சட்டென்று குனிந்து மேஜைக்கு அடியில் எதையோ தேட ஆரம்பித்தார்.

"இந்த மாடல் சரியில்லையாம் மாப்பிள்ளை" என்றார் அக்கா. "நல்லதா ஒண்ணு தம்பியே வீட்டுக்கு அனுப்பிடறானாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அப்படித்தானேம்மா சொன்னான்?" மாப்பிள்ளை என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமாம்மா" என்றேன். சொன்னதோடு விடவில்லை. டெலிவரி புத்தகத்தை எடுத்து, மாப்பிள்ளையிடம் விலாசம் கேட்டு எழுதினேன். கடையிலேயே நல்ல மாடலாக ஒன்றைக் குறித்து, 'மாமாவின் அன்பளிப்பு, வெள்ளிக்கிழமை' என்று போட்டு, முத்திரை குத்தி, ஒரு காப்பியைக் கிழித்து அவர் கையில் கொடுத்தேன்.

அவர்கள் போனதும் முதலாளி வெளியே வந்தார். "அக்கா புரிஞ்சுக்குவாங்கன்னு எனக்குத் தெரியும்" என்று பல்லைக் காட்டினார். புத்தகத்தைப் பார்த்ததும் பல் உள்ளே போய்விட்டது.

"இதைக் கிழிச்சுப் போடு."

"மாப்பிள்ளைகிட்ட ஒரு காப்பி போயிடுச்சு சார். முத்திரையோட."

புத்தகத்தைப் பட்டென்று மூடினார். என் வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"சரி, அனுப்பித் தொலை" என்றார். "அந்தக் கார்டை மட்டும் இப்பவே கேன்சல் பண்ணிடு."