ஏரியில் நடாத கம்பு

"ஸ்னோமொபைல் பர்மிட் விலைய இந்த வருஷமும் ஏத்திட்டானுங்க. பெட்ரோல் வேற எகிறிக் கிடக்கு. நான் வாங்கப் போறதில்ல. ஏரி மேல போனா எவன் காசு கேப்பான்?" என்றான் என் கணவன் ரெஜான்.

எங்கள் வடக்கு ஒன்டாரியோ ஊரில் அப்படிச் சொன்னவன் அவன் ஒருவன் மட்டுமல்ல. பனிமேல் ஓட்டும் அந்த வண்டிக்கான பர்மிட்டை விற்ற பணத்தில்தான் ஊர் ஸ்னோமொபைல் கிளப்காரர்கள் ஆண்டுதோறும் உறைந்த ஏரியைத் துளைபோட்டுப் பார்த்து, பனிக்கட்டி தாங்குகிற வழி நெடுகக் கம்பு நடுவார்கள். இந்த ஆண்டு பணம் சேரவில்லை. கம்பும் நடவில்லை.

"கம்பு இல்லாத ஏரியில போகாத" என்றேன்.

"கண்ண மூடிக்கிட்டே போவேன், போடி!"

மாலையில் கிளப்காரர் ஒமேர் அவனைத் தாங்கிப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தார். போட்டிருந்த உடை பலகைபோல் உறைந்திருந்தது. பனிக்கட்டி உடைந்து வண்டி ஏரியின் அடியில். அடுப்பருகே உட்காரவைத்துக் கம்பளியைச் சுற்றினேன். பற்கள் கிடுகிடுக்க அவன் ஒமேரிடம் சண்டைக்குப் போனான்.

"ஆறு வந்து சேர்ற எடத்துல பனிக்கட்டி மெலிசு, ஒதுங்கிப் போன்னு காட்ட எப்பவும் ஒரு கம்பு நிக்குமேய்யா! அத ஏன் நடல?"

எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்தக் கம்பைத்தான் நீ வாங்க மாட்டேன்னு சொன்ன."