கூடைக் கழிவும் மணியம்மாவின் உள்ளங்கையும்

மலாயா அவசரகாலத்தின் மூன்றாம் ஆண்டில், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில், கொழுந்து கிள்ளும் மணியம்மாவின் உள்ளங்கை யாரும் தைக்காமலே தையல்நூலை உள்ளே இழுத்துக்கொண்டது. அன்று பக்கத்துக் கடைத்தெருவான கம்போங் ராஜாவில் முட்டைக்கோஸ் மலிவு.

தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தைச் சுற்றிப் புதிதாகப் போட்ட முள்கம்பிதான் கையைக் கிழித்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்குப் பயந்து கீழேயிருந்து லாரி வராததால் ஆஸ்பத்திரி நூல் தீர்ந்துபோயிருந்தது. காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெஸர் சுப்பிரமணியம் கோணி தைக்கும் நூலால் தைத்தார். அது சதையை அறுத்துக்கொண்டு பிய்ந்தது. இன்னொரு முறை பிய்ந்தால் காயம் ஆறாது. கங்காணி வேலைப் பட்டியலிலிருந்து அவள் பேரை வெட்டிவிடுவார். வேலையோடு லயத்து வீடும் போகும்.

சதையும் ஒரு வியாபாரிதான், நூலைச் சும்மா உள்ளே விடாது. அது என்ன கேட்கிறது என்று அளந்து பார்க்காமல் இனிக் கையைத் தொடுவதில்லை என்றார் சுப்பிரமணியம். கம்போங் ராஜா ஜவுளிக்கடை தாஜுதீன் பாய் வகைவகையாகப் பட்டுநூலும் ஓர் ஆட்டுத் தொடையும் கொடுத்தனுப்பினார். கறி காட்டுக்குப் போகிறதோ என்று சந்தேகப்பட்ட முள்கம்பி வாசல் காவல்காரர்கள் கூடவே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கறியில் நூலைத் தைத்து, கொழுந்து நிறுக்கும் தராசின் கொக்கியில் மாட்டி இழுத்தார்கள். நூல் வழுக்கத் தொடங்கும்போது தராசு முள் எங்கே நிற்கிறதோ அதுதான் உராய்வு. லயமே கூடிநின்று பந்தயம் கட்டியது.

முள்ளைப் படித்தவர், கொழுந்தை நிறுத்துக் கணக்கெழுதும் கிராணி இருளப்பன். பச்சை நூல் அரை ராத்தலில் வழுக்கியது. கூடையின் எடையென்று சொல்லிக் கொழுந்தில் கழித்துவந்த பல வருஷப் பழக்கத்தில் அவர் வாய் தானாகச் சொன்னது: "கூடைக்கு ரெண்டு ராத்தல் கழிவு."

அரையில் இரண்டு போனால் உராய்வு பூஜ்யத்துக்கும் கீழே; சதை நூலைத் தடுக்கவில்லை, வா என்று இழுக்கிறது என்றாகிறது. கிராணி சொன்ன கணக்கைத் தோட்டத்தில் யாரும் மாற்றியதில்லை, சதையும் மாற்றவில்லை. பச்சை நூல் கறியிலிருந்து நழுவி எழுந்து, மணியம்மாவின் உள்ளங்கைக்குள் புகுந்து, காயத்தை மூடி, தானே முடிச்சுப் போட்டுக்கொண்டது.

"கூசுது லா" என்று அவள் சிரித்தாள். காவல்காரர்கள் துப்பாக்கியைச் சாய்த்துவைத்துவிட்டு, கறியை எப்போது அடுப்பில் ஏற்றுவது என்று கேட்டார்கள்.

காயம் ஆறிக் கொழுந்து மலைக்குத் திரும்பிய அன்று கிராணி வழக்கம்போல அவள் எடையில் ரெண்டு ராத்தல் கழிக்கப் போனார். மணியம்மா உள்ளங்கையை நீட்டினாள்.

"கூடைக்குத்தான் இதுலயே கழிச்சிட்டீங்களே, ஐயா. ஒரே கூடைக்கு எத்தனவாட்டி கழிப்பீங்க?"

இருளப்பனுக்கு நியாயமாகப் பட்டது. மறுவாரம் லயத்துப் பெண்களெல்லாம் ஆளுக்கொரு கீறலோடு வந்து அதே நியாயம் கேட்டு நிற்க, கழிவையே விட்டுவிட்டார். மணியம்மா கம்போங் ராஜாவுக்குப் போனால் கடையிலுள்ள நூல்கண்டுகள் அவள் பக்கம் உருண்டுவரும். தாஜுதீன் பாய் அவற்றை டப்பாவில் போட்டு மூடிவிட்டுச் சேலைக்கு விலை சொல்வார். அவள் பாதிக்குக் கேட்பாள்.