சின்ன முகத்துக்கு விலை குறைவு

பணத்தின் மனசு தெரிந்த ஆள் ப்யூனஸ் அயர்ஸ் நகரத்திலேயே ஒருவன்தான். அவன் பெயர் எல்பிடியோ பாரெய்ரா. இதை எல்பிடியோவே சொன்னதால் சந்தேகத்துக்கு இடமில்லை.

பிழைப்புக்கு அவன் லிஃப்ட் மெக்கானிக். சாப்பாட்டு நேரத்திலும் கழிப்பறையிலும் கைபேசியில் யூரோ வாங்கி விற்பான். கூட வேலை பார்க்கும் நிக்கானோர் மதிய இடைவேளையில் ஃப்ளோரிதா தெருவில் நின்று "காம்பியோ, காம்பியோ" என்று கூவி டாலர் மாற்ற ஆள் பிடிப்பார். பச்சை நோட்டோடு அசையாமல் நிற்கும் இவர்களுக்கு ஊர் வைத்த பெயர் குட்டி மரம்.

"அண்ணே, இன்னைக்கு எத்தனை நாய் வந்து காலைத் தூக்குச்சு?" என்பான் எல்பிடியோ.

"மூணு. நாலாவதா நீ வந்திருக்க."

எல்பிடியோவின் மனைவி ஜூலெமாவுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. புது மூட்டு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அறுவை சிகிச்சை மார்ச்சில். தையல் வேலையில் சேர்த்த நாலாயிரம் டாலரைக் குளிர்கோட்டின் உள்துணிக்குள் வைத்துத் தைத்திருந்தாள்.

"கோட்டுக்குள்ள கிடந்தா பணம் குட்டி போடுமா? எட்டாயிரமா திருப்பித் தர்றேன். ரெண்டு இடுப்பையும் மாத்திக்கலாம்."

"எனக்கு ஒரு பக்கம்தான் வலிக்குது. நீ அதை மட்டும் பாரு."

ஆனாலும் தையலைப் பிரித்துக் கொடுத்தாள்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. யூரோ ஏறும் என்று அத்தனையையும் போட்டிருந்தான்; அதன்மேல் கைபேசி வழியே வர்த்தகம் நடத்தும் கம்பெனி கொடுத்த நூறு மடங்கு கடன் வேறு. காலை பத்தரைக்கு அமெரிக்காவில் வேலைவாய்ப்புக் கணக்கு வெளிவரும். ஏறியதும் விற்றுவிட வேண்டும். பத்து இருபதுக்கு லவாஷே தெருவில் ஒரு லிஃப்ட் பாதி வழியில் நின்றது. உள்ளே ஒரு பல் வைத்தியர், கதவைக் குத்திக்கொண்டிருந்தார். எல்பிடியோ கூண்டின் கூரைமேல் இறங்கினான். அந்தக் குழிக்குள் சிக்னல் கிடையாது. நஷ்டம் மிஞ்சினால் தானாக விற்றுவிடும் ஏற்பாடு ஒன்று உண்டு; அதைக் கோழைகளுக்கென்று விட்டுவைத்திருந்தான்.

நாற்பது நிமிடத்தில் பல் வைத்தியர் வெளியே வந்தார். எல்பிடியோவும் வந்தான். யூரோ விழுந்திருந்தது. கணக்கில் பதினோரு டாலர் இருந்தது.

சொன்னபோது ஜூலெமா கத்தவில்லை. காலிக் கோட்டை மறுபடி தைத்து ஆணியில் மாட்டினாள். மார்ச் வந்தது, போனது.

அந்த ஊரில் குளிர்காலமான ஜூன் மாதம் அவன் மதிய வேளைகளில் கூடுதல் வேலை என்று சொல்லிவிட்டுப் போனான். ஒரு நாள் ஃப்ளோரிதா தெருக் கூட்டத்துக்குள்ளிருந்து ஜூலெமா ஊன்றுகோலோடு வந்தாள். நிக்கானோர் பக்கத்தில் இன்னொரு குட்டி மரமாக நின்ற அவனுக்கு நேர் எதிரே நின்றாள். கையுறைக்குள்ளிருந்து நூறு டாலர் நோட்டு ஒன்றை எடுத்தாள். அன்று அவனுக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டது. பழைய அச்சு, படத்திலிருக்கும் தலை சிறியது. அந்த மாதிரி நோட்டுக்கு இங்கே எவனும் முழு விலை தருவதில்லை.

"சார், சின்ன முகம். எடுப்பீங்களா? வலி மாத்திரை வாங்கணும்."

அவனை அங்கே நிறுத்தியிருந்த மாற்றுக்கடை முதலாளி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எல்பிடியோ நோட்டை வெயிலில் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தான்.

"அஞ்சு சதவீதம் குறையும்மா."

"குறைச்சுக்கோங்க."

பணத்தை எண்ணாமல் வாங்கிக்கொண்டு, கோலை ஊன்றித் திரும்பிப் போனாள். பக்கத்தில் நின்ற நிக்கானோர் வெயில் விழும் இடத்தை அவனுக்கு விட்டுத் தள்ளி நின்றார்.

"காம்பியோ," என்றான் எல்பிடியோ, தனக்கே கேட்காத குரலில்.