கோன் என்றொரு சொல்

“அந்தப் பக்கத்தையே இன்னொரு தடவை படிங்க டீச்சர்” என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே.

குயேன் புத்தகத்தைத் தாழ்த்தினாள். பெற்ற மகளை எந்த அப்பா டீச்சர் என்று கூப்பிட்டு ‘படிங்க’ என்று மரியாதை வைப்பார்? இவர் வைப்பார். கான் தோ நகரத்துப் பள்ளியில் இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்றவர். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூச்சு இழுக்கிற நேரத்திலும் வீம்பு மட்டும் விடவில்லை. மகளுக்கு மட்டும் அது குறைச்சலா என்ன?

எல்லாம் ஒரே ஒரு சொல்லால் வந்தது. அவர்கள் மொழியில் பிள்ளைகள் பெற்றவர்களிடம் பேசும்போது ‘நான்’ என்ற இடத்தில் ‘கோன்’ என்பார்கள். பிள்ளை என்று பொருள். பெற்றவர்களும் பிள்ளையை அதே சொல்லால்தான் கூப்பிடுவார்கள். ‘தோய்’ என்றாலும் நான்தான். ஆனால் அது பேங்கிலும் பஸ்ஸிலும் சொல்கிற நான். அதைக் கொண்டுபோய் அப்பாவிடம் சொன்னால், உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி.

குயேன் சொல்லிவிட்டாள். பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கிறவள், இரண்டு நாவல்களை ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். ஒன்று பிரெஞ்சுக்காரர்கள் காலத்துப் பழையது. தோணிக்காரப் பையன் ஒருவன் கதை சொல்கிறான், வாசிக்கிறவர்கள் எல்லாரும் தன்னைப் பெற்றவர்கள் என்பதுபோல வரிக்கு வரி ‘கோன்’ போட்டு. மற்றது அப்போது புதிதாக வந்த புத்தகம். தையல் ஆலையில் வேலை பார்க்கும் சின்னப் பெண் வசவும் சிரிப்புமாகக் கொட்டித் தீர்க்கிறாள். அம்மாவிடம் பேசும்போதுகூட அவள் ‘தோய்’தான். பையனின் மொழி குனிந்த மொழி, பெண்ணின் மொழி நிமிர்ந்த மொழி என்று கட்டுரையை முடித்திருந்தாள்.

அந்தப் பையன் கதையை ஆயுள் முழுக்க வகுப்பில் நடத்தியவர் அப்பா. கட்டுரையைப் படித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவர் கேட்டார்: “அப்ப நீயும் இத்தனை நாளா குனிஞ்சுதான் என்கிட்ட பேசினியா?”

“தோய் எழுதினது தோயோட கருத்து” என்றாள். வாய் தவறி வரவில்லை. வேண்டுமென்றேதான் சொன்னாள்.

அவர் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தார். அன்றிலிருந்து அவளிடம் பேசும்போது அவரும் ‘தோய்’, அவளைக் கூப்பிடுவது ‘டீச்சர்’. அவளோ ‘நான்’ வராமலே பேசப் பழகிக்கொண்டாள். அவர்கள் மொழியில் வினைச்சொல் ஆளைக் காட்டிக்கொடுக்காது. மருந்து வாங்கியாச்சு, மழை வருது, ஜன்னல் சாத்தணும் என்று வருஷக்கணக்கில் ஓட்டலாம். ஓட்டினாள். ஒரே ஒரு வாக்கியம்தான் இடித்தது. சாப்பாட்டில் கை வைக்குமுன் பிள்ளை சொல்ல வேண்டியது: “அப்பா, கோன் உங்களைச் சாப்பிடக் கூப்பிடறேன்.” அவர் “ம்” என்று குச்சியை எடுத்த பிறகுதான் மற்றவர்கள் எடுக்கலாம். கோன் இல்லாமல் அதைச் சொல்ல வழியே கிடையாது. அதனால் வெளியிலேயே சாப்பிட்டுவிட்டு வர ஆரம்பித்தாள்.

இன்று காலை அம்மா அடுக்களையில் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“எனக்கு ஒரு புருஷனும் ஒரு மகளும் இருந்தாங்க. ரெண்டு வாத்தியாருங்க வந்து உக்காந்துக்கிட்டீங்க. அவருக்குப் பாதம் ஜில்லுன்னு ஆயிருச்சுடி. இன்னிக்காவது அவர்கிட்ட அந்தச் சொல்லைச் சொல்லிரு.”

“கோனுக்கும் சொல்லணும்னுதாம்மா இருக்கு. அவர் முன்னால போனா வாய் கட்டிக்குது.”

அம்மாவிடம் எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள்.

அதனால்தான் கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள். எதைப் படிப்பது என்று கேட்டாள். உங்க தையல்காரப் பொண்ணைப் படிங்க என்று அவர் சொன்னது அவளுக்கே ஆச்சரியம். இப்போது அதே பக்கத்தை மறுபடியும் படித்தாள். ஆலை விடுதி மொட்டைமாடியில் நின்றுகொண்டு, ஊரிலிருந்து அம்மா கூப்பிடுகிற போனை அந்தப் பெண் கட் பண்ணுகிற இடம்.

“நல்லா வாயாடுறா” என்றார் அப்பா. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. “தோயோட தோணிக்காரப் பையனுக்கு இந்த வாய் கிடையாது. ஒத்துக்கறேன்.”

இத்தனை காலத்தில் அவர் விட்டுக்கொடுத்த முதல் இடம் இது.

“ஆனா டீச்சர், புத்தகம் முழுக்க அவ யாரோடயும் உக்காந்து சோறு திங்கவே இல்லையே. கவனிச்சீங்களா?”

கவனிக்கவில்லை. அத்தனை பக்கம் எழுதியவள் அதைக் கவனிக்கவில்லை. இப்போது சொல்லிவிட வேண்டும், ‘அப்பா, கோன்’ என்று ஆரம்பித்தால் போதும், மிச்சம் தானாக வரும் என்று வாயைத் திறந்தாள். அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. நெஞ்சைத் தடவி, தலையணையை உயர்த்தி, எச்சிலைத் துடைத்து முடிப்பதற்குள் கண் செருகிவிட்டது. சே, அரை நிமிஷம் முன்னால் வாயைத் திறந்திருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வெயில் இறங்கும் நேரத்தில் அவர் விழித்தார். பார்வை அவள்மேல்தான் இருந்தது, ஆனால் பார்த்தது அவளை அல்ல.

“அம்மா” என்றார். “கோனுக்குத் தண்ணி.”

வாசல் பக்கம் நின்ற அம்மா சட்டைக் கையை வாயில் வைத்துக்கொண்டாள். குயேன் அசையவில்லை. எத்தனை காலம் கழித்து அந்தச் சொல் இந்த அறைக்குள் வந்திருக்கிறது, அதுவும் அவர் வாயிலிருந்து. அப்பா, இது குயேன் என்று சொல்லலாம். சொன்னால் அவர் திரும்பி வரலாம், கடைசியாக ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகலாம். ஆனால் அந்த முகம் தண்ணீருக்குத் தவிக்கிற சின்னப் பையனின் முகமாக இருந்தது.

பஞ்சை நனைத்து அவர் உதட்டில் பிழிந்தாள்.

“குடி, கோன்” என்றாள். “அம்மா இங்கதான் இருக்கேன்.”

“ம்” என்றார். விளக்கு போடும் நேரத்துக்குள் மூச்சு நின்றுவிட்டது.

மறுநாள் பந்தலும் மேளமும் கிளாரினெட்டுமாகத் தெருவே அடைத்துக்கொண்டது. ‘அப்பாகிட்ட பேசிட்டியா’ என்று கேட்ட உறவினர்களுக்கெல்லாம் தலையாட்டினாள். பொய்யும் இல்லை. சொல் வந்தது, ஆனால் அவள் பிள்ளையாக நின்று சொல்லவில்லையே. அதை யாரிடம் போய் விளக்குவது? துக்கத்துக்கான வெள்ளைத் துணியை நெற்றியில் கட்டிக்கொண்டு நின்றாள்.

மதியம் சவப்பெட்டிக்கு முன்னால் சோறு வைத்தார்கள். குவித்த கிண்ணம், அவித்த முட்டை, நட்டு வைத்த இரண்டு குச்சிகள். அப்பாவின் தங்கை அவளை முன்னால் தள்ளினாள்.

“ஒத்தப் பிள்ளை, நீதான் கூப்பிடணும். சத்தமா கூப்பிடு, அண்ணனுக்குக் காது மந்தம்.”

குயேன் மண்டியிட்டாள்.

“அப்பா, கோன் உங்களைச் சாப்பிடக் கூப்பிடறேன்.”

ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. அவ்வளவு சுலபமாக வந்ததில் அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக இருந்தது.

“போதும், எழுந்திரு” என்றாள் அத்தை. “உனக்கும் சோறு போட்டாச்சு. நேத்திலேர்ந்து பச்சத் தண்ணி படல உன் வாயில.”

“கொஞ்சம் இருங்க அத்தை.”

அம்மா அவள் கிண்ணத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, தானும் உட்கார்ந்தாள். பெட்டிக்கு முன்னால் இருந்த சோற்றில் ஆவி மெல்ல அடங்கியது. குயேன் தன் குச்சிகளைத் தொடாமல் அவருடைய குச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.