பங்க்ராஸ் கேட்ட யோக்கியமான கண்

ஊர்த்தலைவர் தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, அதில் நிற்கும் மதுவிடுதிக்காரன் பங்க்ராஸ் என் பட்டறைக்கு வந்தான். கருங்காடு என்னும் மலைநாட்டில், படம்போல் சட்டம் போட்ட சுவர்க்கடிகாரங்களுக்கு முகம் எழுதிப் பிழைப்பவள் நான். ராஜா, சிங்கம், துருக்கிக்காரன் என்று எத்தனையோ முகங்களுக்கு உருளும் கண் வைத்திருக்கிறேன். இந்தப் பன்றிக்கு அவன் மூஞ்சியே வேண்டுமாம்.

“க்ரெஸென்ஸ் அம்மா, கண்ணு மட்டும் யோக்கியமா இருக்கணும். ஓட்டுப் போட வர்றவன் பாத்ததும் நம்பணும்.”

“உங்க கண்ணு மாதிரியே போட்டுரட்டுமா?”

“ஐயோ வேணாம்! யோக்கியமா போடும்மா.”

அவனே ஒத்துக்கொண்டான் பாருங்கள்! குழந்தைக்கு இருப்பதுபோல் இரண்டு நீலக் கண்கள் எழுதிக் கொடுத்தேன். பின்னால் கண்களை ஊசலோடு இணைக்க ஒரு கம்பி. ஊசல் ஆட ஆட, கண்கள் இடமும் வலமும் போய்வரும். அதனால் என்ன ஆகும் என்றுகூட அந்த மண்டு யோசிக்கவில்லை.

தேர்தலுக்கு முந்தின ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்ததும் ஊரே அவன் விடுதியில் கூடியது. எல்லோருக்கும் ஓசி ஒயின். சுவரில் மாட்டிய அந்தக் கடிகாரத்துக்கு நேர் கீழே தொப்பையைத் தள்ளிக்கொண்டு நின்று பங்க்ராஸ் வாய் கிழியப் பேசினான். மரம்வெட்டி லாண்டலின் எழுந்தான். அவனும் தலைவர் பதவிக்கு நிற்பவன்.

“எல்லாம் சரி அண்ணே. ஒயின்ல தண்ணி கலக்குறீங்கன்னு ஊரே பேசுதே?”

“நானா? என் கண்ணப் பாத்துச் சொல்லுடா!”

எல்லோரும் மேலே கடிகாரத்தில் இருந்த கண்ணைத்தான் பார்த்தார்கள். அது சட்டென்று விலகியது. திரும்பி வந்தது, மறுபடி விலகியது.

“அதுக்கே வெக்கமா இருக்கு போல அண்ணே!”

விழுந்து விழுந்து சிரித்தோம். பங்க்ராஸுக்கு ரத்தம் தலைக்கேறியது. நாற்காலியில் ஏறி, சட்டத்தின் அடியில் கையை விட்டு ஊசலைப் பிடித்து இழுத்தான். கம்பி வளைந்தது. கண்கள் இடது ஓரத்தில் சிக்கி, நிலவறைக் கதவைப் பார்த்தபடி நின்றுவிட்டன.

லாண்டலின் போய் அந்தக் கதவைத் திறந்தான். பீப்பாயில் புனல் செருகியிருந்தது. பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர். ஆளாளுக்குக் கையிலிருந்த கோப்பையை மோந்து பார்த்தோம். ஓட்டுக்கு ஊற்றும் ஓசி ஒயினிலும் தண்ணீரா! தூ!

லாண்டலின் ஜெயித்தான். மறுவாரம் பங்க்ராஸ் கடிகாரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து நின்றான்.

“இந்தக் கண்ணை மாத்திக் குடும்மா.”

“எதுக்கு? யோக்கியமான கண்ணுதானே கேட்டீங்க? குடுத்திருக்கேன்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.