வலது பக்கத்து நாற்காலி

சின்ன மாப்பிள்ளை அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும்வரை பெரிய மாப்பிள்ளைக்கு அப்படி ஒரு பட்டமே கிடையாது. வெறும் மாப்பிள்ளைதான். இரண்டாவது ஒருவன் வந்ததும் முன்னால் ஒரு 'பெரிய' ஒட்டிக்கொண்டது. பார்க்கிறவர்களுக்கு அது பதவி உயர்வு மாதிரி தெரிந்திருக்கலாம். அவனுக்கோ, முழு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்ன மாதிரி இருந்தது.

சொன்னால் சிரிப்பீர்கள், இத்தனை மனக்கசப்பும் ஒரு விளையாட்டை வைத்துத்தான். மாமனார் ரயில் நிலையத்தில், பயணிகள் தவறவிட்ட பொருட்களை வைத்திருக்கும் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தேடி வருகிறவர்களிடம் முதலில் அவர் கேட்பது, பொருள் யாருடையது என்பதுதான். அதற்கப்புறம்தான் நிறம், கீறல், உறை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, புளுகுகிற ஆளை வடிகட்டுவார். உரியவர்தான் என்று தெரிந்துவிட்டால் எழுந்து நின்று, "இந்தாங்க, உங்க பொருள்" என்று இரண்டு கையாலும் கொடுத்து, கைகுலுக்கி அனுப்புவார்.

ஓய்வு பெற்று வீட்டோடு ஆன பிறகு கேள்வி கேட்க அவருக்கு ஆள் இல்லை. அதனால் விளையாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மகள்களும் மாப்பிள்ளைகளும் கூடினால், ஒரு சாம்பல் நிறத் துணிப்பைக்குள் எதையாவது போட்டுக் கட்டி மடியில் வைத்துக்கொள்வார். மற்றவர்கள் முறை வைத்து ஆளுக்கொரு கேள்வி கேட்க வேண்டும். ஆமாம், இல்லை, இந்த இரண்டைத் தவிர அவர் வாயிலிருந்து எதுவும் வராது. பொருளுக்குள் பேட்டரியோ கரண்டோ இருந்தே ஆக வேண்டும். குடையையும் செருப்பையும் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது என்பது அவருடைய கட்சி. கண்டுபிடித்தவருக்கு அந்தப் பழைய வார்த்தையும் அந்தக் கைகுலுக்கலும் பரிசு.

பெரிய மாப்பிள்ளை மின்சாதனக் கடையில் விற்பனையாளன். மெதுவாகப் பேசுகிறவன். அவன் பேசுவதைக் கேட்க வாடிக்கையாளர் இன்னும் கொஞ்சம் கிட்டே வருவார், வந்தவர் வாங்காமல் போக மாட்டார், அதுதான் அவன் தொழில் ரகசியம். வோல்ட் எவ்வளவு, சார்ஜ் ஏறுமா, திரை உண்டா என்று நாலு கேள்வியில் எந்தப் பொருளையும் மூலையில் மடக்கிவிடுவான். மாமனாருக்கு வலது பக்கத்து நாற்காலி அவனுடையது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, ஆனால் அதில் வேறு யாரும் உட்கார்ந்ததும் இல்லை. சொந்த அப்பாவிடம் ஒரு நாளும் சபாஷ் வாங்காதவனுக்கு, வாரம் ஒரு தடவை கிடைத்த அந்தக் கைகுலுக்கல் சாப்பாட்டை விடப் பெரிதாக இருந்தது.

அதில் மண்ணைப் போட வந்தான் சின்ன மாப்பிள்ளை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். பயந்து நடுங்குகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இப்ப, மெதுவா, பிரேக், என்று சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொல்லிப் பழகியவன். வீட்டிலும் அப்படியேதான் பேசுவான். மாமனாருக்கு நேர் எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கிறுக்குத்தனமாகக் கேள்வி கேட்பான். அது தொலைந்தால் யாராவது அழுவார்களா? அதைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரிக்கிறவர்கள் உண்டா? வோல்ட்டும் தெரியாது, வயரும் தெரியாது. ஆனால் பொருள் எப்படியோ அவன் கையில் வந்து விழுந்துவிடும்.

தோற்றதைக்கூடப் பெரிய மாப்பிள்ளை பொறுத்துக்கொண்டிருப்பான். அவனால் தாங்க முடியாதது வேறு. கொஞ்ச காலமாக, அவன் கேள்வி கேட்டால் மாமனார் உடனே பதில் சொல்வதில்லை. "என்ன மாப்பிள்ளை?" என்று இன்னொரு தடவை கேட்க வைப்பார். சில சமயம் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் அடுத்த ஆளைப் பார்ப்பார். எதிரே இருக்கிறவன் வாயைத் திறந்தால் மட்டும் அவன் முகத்தையே உற்றுப் பார்த்து, கேள்வி முடிகிற நொடியில் பதில் சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற நான் என்ன கல்லா மண்ணா என்று பெரிய மாப்பிள்ளைக்கு வயிறு எரிந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் மனைவியிடம் புலம்புவான். "உங்கப்பாவுக்கு இப்ப என் பேச்சே பிடிக்கல" என்பான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஒரு சனிக்கிழமை மதியம் கடையில் மிஞ்சிய நல்ல டேபிள் விளக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போனான். நல்லெண்ணத்தோடுதான் போனான் என்று நாம் நம்பலாம், அவனும் அப்படித்தான் நம்பினான். மாமனார் காலாற நடக்கப் போயிருந்தார். மாமியார் அடுப்படியில் இருந்தபடியே விளக்கை உள்ளே வைக்கச் சொன்னார். படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் அந்தச் சாம்பல் நிறப் பை, மறுநாளுக்குத் தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

கை தானாகப் போனது. கயிறு ஒரே இழுப்பில் அவிழ்ந்துகொண்டது. உள்ளே சின்ன டப்பா. அதற்குள் தோல் நிறத்தில், அவரைக்கொட்டை அளவுக்கு ஒரு கருவி. அதிலிருந்து கண்ணாடி மாதிரி ஒரு குழாய், நுனியில் ரப்பர் குமிழ். காது மிஷின். அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கயிற்றை இழுத்து, கடையில் பொட்டலம் கட்டுகிற மாதிரி இரட்டை முடிச்சுப் போட்டு, பையைப் பத்திரமாக மாட்டிவிட்டு வந்தான்.

அன்று முழுவதும் அவனுக்கு வேறு வேலை ஓடவில்லை. பதில் தெரிந்தவன் தெரியாத மாதிரி கேட்பது லேசுப்பட்ட காரியமா? முதல் கேள்வி பொதுவாக இருக்க வேண்டும், இரண்டாவது கொஞ்சம் நெருங்க வேண்டும், மூன்றாவதில் ஒரு யோசனை, நெற்றியில் ஒரு சுருக்கம், அப்புறம் விடை. கண்ணாடி முன்னால் நின்று நெற்றியைச் சுருக்கிப் பார்த்தான். தலைவலியா என்று மனைவி கேட்டாள். முக்காலியில் உட்கார்ந்திருப்பவனின் முகம் தொங்கிப்போவதை அவன் விதவிதமாக நினைத்துப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் இனித்தது.

ஞாயிற்றுக்கிழமை தேநீர்க் கோப்பைகள் காலியானதும் மாமனார் பையை மடியில் வைத்தார். வழக்கமாகத் தட்டித் தட்டி ஆசை காட்டுவார், அன்று இரண்டு கையையும் அதன் மேல் வைத்துச் சும்மா உட்கார்ந்திருந்தார். மாமியாரும் அடுப்படிக்குப் போகாமல் சுவரோரம் வந்து நின்றுகொண்டார். இதையெல்லாம் கவனிக்கிற நிலையில் பெரிய மாப்பிள்ளை இல்லை.

உள்ளங்கையில் அடங்குமா என்று தொடங்கினான். மாமனார் அன்று உடம்பையே அவன் பக்கம் திருப்பி, அவனை நேராகப் பார்த்து ஆமாம் என்றார். பார்த்துவிட்டு, இன்னும் ஏதோ வருமென்று எதிர்பார்ப்பவர் மாதிரி பார்வையை எடுக்காமல் இருந்தார். இதைப் பார்த்தாயா என்கிற மாதிரி அவன் எதிர் முக்காலியை நோக்கினான்.

மனைவி, அதற்கு விளக்கு எரியுமா என்றாள். இல்லை. மச்சினி, சமையலுக்கா என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தாள். அடுத்தது சின்ன மாப்பிள்ளை. தன் வழக்கப்படி சத்தமாக, நிறுத்தி நிறுத்திக் கேட்டான்.

"மாமா, அதை வாங்குறவங்க சந்தோஷமா வாங்குவாங்களா?"

"இல்ல" என்றார் மாமனார்.

சின்ன மாப்பிள்ளையின் சிரிப்பு நின்றது. மாமனாரைப் பார்த்தான், சுவரோரம் நின்ற மாமியாரைப் பார்த்தான். அவன் கண்டுபிடிக்கப் போகிறான் என்று பெரிய மாப்பிள்ளைக்கு உதறல் எடுத்துவிட்டது. ஒத்திகை பார்த்ததெல்லாம் பறந்துபோனது. உடம்பில் மாட்டிக்கொள்கிற பொருளா என்று அவசரமாகக் கேட்டு, ஆமாம் என்ற வார்த்தை முடியும் முன்னே, நெற்றியைச் சுருக்கவும் மறந்து விடையைச் சொல்லிவிட்டான்.

"காது மிஷின்."

மாமனார் தலையை ஆட்டினார், பையை அவிழ்க்கக் குனிந்தார். கயிறு வரவில்லை. இரட்டை முடிச்சு. அவர் நகத்தால் நிமிண்டி, ஒரு முடிச்சு, பிறகு இன்னொன்று, நிதானமாகப் பிரித்தார். அது தன் கடை முடிச்சு என்று பெரிய மாப்பிள்ளைக்கு அப்போதுதான் உறைத்தது. இருந்தும் கையைப் பாதி நீட்டித்தான் வைத்திருந்தான். 'இந்தாங்க, உங்க பொருள்' என்ற அந்த வார்த்தை வரவில்லை. மாமனார் கருவியை எடுத்துத் தன் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு, சரிதான் என்று மட்டும் சொன்னார்.

ஆட்டம் முடிந்துவிட்டது. ஆனாலும் சின்ன மாப்பிள்ளை முக்காலியோடு முன்னால் நகர்ந்து இன்னொரு கேள்வி கேட்டான். இந்தத் தடவை சத்தமாகக் கேட்கவில்லை.

"மாமா, இது உங்களோடதா?"

அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர், "ஆமாம்" என்றார்.

இரண்டு மகள்களும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். எப்போதிருந்து, ஏன் சொல்லவில்லை, எந்த டாக்டர் என்று ஆளாளுக்குக் கேட்க, மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். நேராகச் சொல்ல மாமனாருக்குக் கூச்சமாக இருந்ததாம். விளையாட்டாகச் சொல்லிவிட்டால் எல்லாரும் சிரித்துக்கொண்டே தெரிந்துகொள்வார்கள் என்று அவரேதான் இந்த யோசனையைச் செய்தாராம். சின்ன மாப்பிள்ளை குழாயைப் பிடித்துக் காதுக்குள் பொருத்த உதவினான். அவன் விரல் மாமனாரின் காது மடலைத் தொட்டதைப் பார்த்தபோதுகூட, வெட்கத்தை விட்டுச் சொன்னால், பெரிய மாப்பிள்ளைக்கு முதலில் வந்தது பொறாமைதான். இந்தப் பொருளை ஒரு நாள் முன்னாலேயே பார்த்தவன் அவன். அது யாருடையது என்ற கேள்வி அவனுக்குத் தோன்றவே இல்லை.

கிளம்பும்போது வாசலில் குனிந்து ஷூ மாட்டுவதற்கு வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொண்டான். மற்றவர்கள் படியிறங்கிவிட்டார்கள். சின்ன மாப்பிள்ளை கீழேயிருந்து "வரேன் மாமா" என்று குரல் கொடுத்தான், மாமனார் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு கதவோரம் வந்து நின்றார்.

"முடிச்சை நேத்து சாயங்காலமே பாத்துட்டேன், மாப்பிள்ளை."

அவன் குனிந்தபடியே ஷூக் கயிற்றை இழுத்தான்.

"கோபமில்ல. உங்களுக்கு முதல்ல தெரிஞ்சதும் நல்லதாப் போச்சுன்னுதான் நினைச்சேன். கூப்பிடுவீங்கன்னு போனைப் பக்கத்துலயே வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

ஷூக் கயிறு அவன் விரலுக்குள் நின்றது. அவன் எப்போதும் போல மெல்லிய குரலில், தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"எந்தக் காது மாமா?"

அவர் ஒரு தடவைகூட என்ன என்று திருப்பிக் கேட்கவில்லை.

"வலது காது. நீங்க உக்கார்ற பக்கம்."

கீழே மனைவி அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவன் அவிழ்ந்த கயிற்றோடு அங்கேயே உட்கார்ந்திருந்தான்.