உள்நாடுதான்

"வெளிநாடெல்லாம் இல்லீங்க, உள்நாடுதான்" என்று சிவசங்கரி டீச்சர் சொன்னதுமே துரைக்கண்ணுவுக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. மகள் செவ்வந்தி படிக்கும் பத்தாம் வகுப்பைக் கல்விச் சுற்றுலாவுக்குக் கூட்டிப்போகிறார்களாம். புதூர்நாட்டுக்காரனுக்கு நாடு என்றால் இந்த மலையில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிற ஊர்கள்தான். டீச்சரோ வேலூர்க்காரி. அவர் சொன்ன நாடு வேறு என்று இந்த மனுஷனுக்கு யார் எடுத்துச் சொல்வது? துரைக்கண்ணு சரி என்று தலையாட்டி டீச்சரை அனுப்பிவைத்தார்.

அப்புறம்தான் மண்டை குடைய ஆரம்பித்தது. உள்நாட்டில் பார்க்க என்ன இருக்கிறது? புளியமரமா, பலாமரமா? அதைப் பார்க்கப் பஸ் எதற்கு, மாற்றுத்துணி எதற்கு? செவ்வந்தியைக் கேட்டால், "டீச்சர் எடுத்தாரச் சொன்னாங்க" என்பதோடு சரி. படித்தவர்கள் எதையாவது செய்வார்கள், நமக்கென்ன வந்தது என்று விட்டுவிட்டார்.

கிளம்பும் காலையில் மகளை ஏற்றிவிட வந்தவர், மலையிறங்கும் பக்கம் பார்த்துப் பஸ் நிற்பதைக் கண்டார்.

"இன்னாங்க டீச்சர், வண்டி திருப்பத்தூர் பக்கம் திரும்பி நிக்குது?"

"அந்த வழியாதானேங்க ஸ்ரீஹரிகோட்டா போவணும். ஆந்திராவுல ராக்கெட் விடுற எடம்."

"உள்நாடுன்னீங்களே."

"ஆமாங்க. இந்தியாவுக்குள்ளதானே இருக்குது?"

துரைக்கண்ணுவுக்கு ஒன்றும் ஓடவில்லை. ஆந்திரா எப்படி உள்நாடாகும்? டீச்சர் பொய் சொன்னாரா, தன் காதில்தான் கோளாறா? யார்மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை. நாடு தாண்டிப் பெண்ணை அனுப்புவதாவது? மூத்தவள் இளவரசி ஆம்பூர் ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றபோது, "போனா இந்த வூட்டுப் பக்கமே வராத" என்று கத்தியவர் அவர். போனவள் வரவே இல்லை. தீபாவளிக்குக்கூட எட்டிப் பார்க்கவில்லை.

"செவ்வந்தி, எறங்கு" என்றார்.

பையும் கையுமாக இறங்கி வந்தாள்.

"எங்க போறாங்கன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்ப்பா. சொன்னா வேணாம்னுவ."

செவ்வந்தி அப்பாவை நேராகப் பார்த்தாள்.

"நீ வேணாம்னா போவல. ஒண்ணே ஒண்ணு சொல்லு. நான் போய்ட்டு வந்தா வூட்டுல சேத்துக்குவியா, இல்ல அக்கா கதிதானா?"

இதை மனசில் வைத்துக்கொண்டா இந்தப் பெண் இத்தனை நாள் வாயைத் திறக்காமல் கிடந்தாள்? கோபத்தில் சொன்ன ஒரு சொல்லை ரெண்டு பெண்களும் கல்வெட்டாக எடுத்துக்கொண்டுவிட்டார்களே என்று பாவி மனுஷன் ஆடிப்போய்விட்டார். அவள் கையிலிருந்த பையை வாங்கித் தானே பஸ்ஸுக்குள் வைத்தார்.

பிறகு டீச்சரிடம் வந்தார்.

"திரும்பி வர்றப்ப வண்டி ஆம்பூர் வழியாதானுங்களே வரும்?"

"ஆமாங்க."

"பெரியவ அங்கதான் இருக்குறா. அப்பன் வரச் சொன்னான்னு சொல்லி, அவளையும் ஏத்திக்கினு வர முடியுங்களா?"